நன்றி அறிதலும் ஒரு தவமே

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

அருகன் திருவடி போற்றி!

 

நன்றி அறிதல் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்தனர். எளிய பொருள் என்றே முதலில் எண்ணினேன். சிந்திக்கத் தொடங்கியதும் ஓர் ஐயம் எழுந்தது. அவரவர் வினைப்பயனை அவரவரே துய்க்கின்றனர் என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. எனக்கு வரும் நன்மை என் நல்வினையால் வருவதாயின், பிறருக்கு நான் நன்றி பாராட்டுவது எதற்காக?

இவ்வையத்திற்கு விடை, திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது. அடியுண்டு உயிர் துறக்கும் நிலையில் கிடந்த ஒரு நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. பிறந்த உடனே அத்தேவன் செய்தது என்ன? தன் முற்பிறப்பை நினைந்தான். சீவகனைத் தேடி வந்து வணங்கினான். பின்னர்க் கட்டியங்காரனால் சீவகனின் உயிருக்கே கேடு சூழ்ந்தபோது, அவனை மீட்டுச் சென்று காத்தவனும் அவனே.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். இறக்கும் தறுவாயில் அவ்வுயிர் கொண்ட நல்லெண்ணமே அதனைத் தேவனாக்கியது. "இது என் நற்பேறு, இதில் சீவகனுக்கு என்ன பங்கு?" என்று சுதஞ்சணன் கூறியிருக்கலாம். அவன் அவ்வாறு கூறவில்லை. நாயாகக் கிடந்தவன் நான் என்பதை மறைக்கவும் இல்லை. நன்றி பாராட்டுகிறவன் தன் பழைய தாழ்நிலையையும் ஒப்புக்கொள்கிறான். அதனாலேயே அது செருக்குற்ற நெஞ்சுக்கு அரிதாகிறது.

உமாசுவாமி ஆச்சாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 5ஆம் அத்தியாயத்தில், ஒவ்வொரு திரவியமும் செய்யும் உபகாரத்தைக் கூறுகிறார். உயிர்களைப் பற்றிக் கூறுமிடத்து, ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் உபகாரம் என்கிறார். தரும திரவியத்திற்கு நம் ஆச்சாரியர்கள் காட்டும் உவமை நீங்கள் அறிந்ததே. மீன் தன் ஆற்றலாலேயே நீந்துகிறது. ஆயினும் நீரின்றி நீந்த இயலுமோ? நம் வினை மீனின் ஆற்றலைப் போன்றது. உதவியவர் நீரைப் போன்றவர். வினை உள்நின்ற காரணம், உதவியவர் நிமித்தம். ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை.

இதை நூலில் கற்றுப் பல ஆண்டுகள் ஆகியும், வாழ்வில் கற்கத் தவறினேன். நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே ஓர் ஓடை இருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும். எங்கள் நிலத்தில் ஏர் உழுத பெரியவர் ஒருவர், நாள்தோறும் என்னைத் தோளில் சுமந்து அக்கரை சேர்ப்பார். படித்து முடித்து எனக்கு வேலை கிடைத்ததும், ஊரார் கூடிப் பாராட்டினர். "எல்லாம் என் உழைப்பு, என் முன்வினைப் பயன்" என்று பெருமிதத்தோடு பேசினேன். அவரும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிழையை உணர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிச் சென்றேன். அவர் இறந்து நாட்கள் பல ஆகியிருந்தன. சொல்லாத அந்நன்றி இன்றும் என் நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள், மானமே அன்று என் கண்ணை மறைத்தது. அதற்கு மருந்து, தசதருமங்களுள் ஒன்றாகிய மார்தவம் என்னும் மென்மை. அம்மென்மையை வளர்க்கும் பயிற்சியே நன்றி அறிதல்.

இதற்கெனத் தனி நோன்பு வேண்டியதில்லை. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள், சாமாயிகத்தில் அமர்கிறோம். நாம் பிறருக்குச் செய்த பிழைகளைப் பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்துகிறோம். அதனோடு, பிறர் நமக்குச் செய்த உதவிகளையும் நாள்தோறும் நினைப்போம். நம் சமயத்தின் மும்மணிகளே இதற்கும் வழிகாட்டும். உதவியை உள்ளவாறு காணுதல் நற்காட்சி. அதனை உதவி என்று அறிதல் நல்ஞானம். அறிந்ததை அவரிடம் சென்று சொல்லி, இயன்ற கைம்மாறு செய்தல் நல்லொழுக்கம். உதவியவர் இல்லையாயின், அவ்வுதவியை வேறோர் உயிருக்குச் செய்வோம். அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் படிப்பதற்கு என்னால் இயன்றதைச் செய்து வருகிறேன். அதனால் கடன் தீர்ந்தது என்று நான் எண்ணவில்லை.

பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்துக் கொடுத்ததனாலேயே வர்த்தமானரைத் தீர்த்தங்கரர் என்று போற்றுகிறோம். வீதராகராகிய அவர் நம் நன்றியை வேண்டுவதில்லை. அவர் காட்டிய நெறியில் நடப்பதே நாம் செலுத்தும் நன்றி. ஆனால், நம்மைச் சிற்றோடைகள் கடத்திவிட்ட எளிய மனிதர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். இன்று வீடு திரும்பியதும், அத்தகைய ஒருவரையேனும் தேடிச் சென்று ஒரு நல்ல சொல் கூறுங்கள். நாளைக்கென்று ஒத்திப்போட வேண்டா.



அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!