செல்போன் பழுதுநீக்கமும் நம் இளைஞரும்



கல்வியோடு கைகோத்துச் செல்லத்தக்க ஒரு கைத்தொழிலைப் பற்றி இந்த வெள்ளிவிழா மேடையில் சில சொற்கள் கூற விழைகிறோம். செல்போனின் சர்க்யூட் போர்டில் பழுதுபட்ட நுண்ணுறுப்பைப் பெயர்த்தெடுத்து, புதியதைப் பற்றாசு கொண்டு பொருத்தும் தொழிலே அது. கடைத்தெருவில் இதனை மைக்ரோ சால்டரிங் என்பர்.

இத்தொழிலை ஏன் கற்க வேண்டும்? திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஒரே இடத்தில் நின்று ஒரே செயலைச் செய்து பழகியவர்க்கு, ஆலை போனபின் தொழில் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. பழுதுநீக்கத் தெரிந்தவர்க்கோ ஒரு மேசையும் விளக்கும் போதும். சென்னை ரிச்சி தெருவைச் சுற்றி வந்தால் இவ்வுண்மை விளங்கும்.

முன்னாளில் பொன்னைப் பற்றவைக்கும் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. நம் பிள்ளைகளுக்கு அப்பட்டறையில் இடமில்லை. இப்புதிய தொழிலோ பிறப்பைக் கேட்பதில்லை. கண் தெளிவையும் கைப் பொறுமையையுமே கேட்கிறது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்வோம். போர்டிலுள்ள மின்தேக்கி ஒன்று 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதனினும் சிறியவை பல. ஆகவே இரு கண்ணாலும் பார்க்கும் நுண்ணோக்கி இன்றியமையாதது. அடுத்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், வெப்பக்காற்றுக் கருவி, மல்டிமீட்டர், கூர்நுனி இடுக்கி ஆகியவை வேண்டும். பொற்கொல்லர்க்கு வெங்காரம் எப்படியோ, நமக்குப் பிளக்ஸ் அப்படி. உலோகத்தின் மேற்படிந்த ஆக்சைடை நீக்கி, பற்றாசு சீராகப் பரவ அது வழி செய்கிறது.

வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். இன்றைய செல்போன்களில் பெரும்பாலும் உள்ள ஈயமற்ற பற்றாசு உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது அவசரப்பட்டு உறுப்பை இழுத்தால், அடியிலுள்ள செம்புத் தடமும் உடன் பெயர்ந்துவிடும்.

இதனை நாம் கண்ணாரக் கண்டோம். நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், சில நாள் பழகியதும் அண்டைவீட்டாரின் செல்போனைத் திறந்தான். தடம் பெயர்ந்தது, செல்போன் மடிந்தது. அவ்வீட்டுப் பெண் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்குரிய கடவு எண் அந்தச் செல்போனுக்கே வரவேண்டியிருந்தது. அவளுடைய அலைச்சலைக் கண்ட அம்மாணவன் நம்மிடம் வந்து, "ஐயா, போன்தானே என்று நினைத்துவிட்டேன்" என்று தலைகுனிந்தான். பின்னர் ஆறு திங்கள் பழைய போர்டுகளிலேயே பழகினான். இன்று அதே வீட்டார் அவனிடமே பழுதுக்குத் தருகின்றனர்.

ஆகவே இளைஞர்களே, உயிரற்ற போர்டிலேயே தொடங்குங்கள். ஓர் உறுப்பை நூறுமுறை எடுத்து நூறுமுறை வையுங்கள். வெப்பம் காட்டுமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். புகையை முகர வேண்டா. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உண்ண வேண்டா. பழுது எங்கே என்று மல்டிமீட்டரால் அளந்தறிந்த பின்னரே சூடு காட்டுங்கள். அளக்க ஓம் விதி தெரிய வேண்டும். சுற்றுப்படம் படிக்க வேண்டும். பள்ளியை விட்டவர்க்கு இத்தொழிலும் பாதியிலேயே நின்றுவிடும்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் தனித்தனியே கடன்பட்டுக் கருவி வாங்க வேண்டா. இக்கோவிலம்பாக்கத்தில் சங்கத்தின் பொதுச் சொத்தாக ஒரு நுண்ணோக்கியும் ஒரு மேசையும் அமையட்டும். அம்மேசையில் ஆண்பிள்ளைகட்கு நிகராகப் பெண்பிள்ளைகளும் அமரட்டும். இருபத்தைந்து ஆண்டுகள் நாம் பிள்ளைகளின் கையில் புத்தகம் கொடுத்தோம். இனிப் புத்தகத்தோடு கருவியும் கொடுப்போம்.