பேரை வெட்டினாலும் உரிமை வெட்டுப்படாது

(கம்பளையில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை போனால் வைத்தியத்துக்கு என்ன வழி என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கம் என்னைக் கேட்டது. என் அம்மாவின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவர். பிரஷர் குளிசையைத் தோட்டத்து டிஸ்பென்சரியில்தான் எடுப்பார். செக்ரோலில் பேர் வெட்டிய அடுத்த மாதமே குளிசையை நிறுத்திவிட்டார். "பேர் இல்லாதவளுக்கு மருந்து குடுக்க மாட்டாங்க தம்பி" என்றார். யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவராகவே போகவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவும் தோட்டத்துத் துண்டு வேண்டும் என்று நினைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் பீலியடியில் விழுந்தார். இன்றைக்கும் அவருக்கு வலது கை வராது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர் நான். என் வீட்டிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறை தீரத்தான் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்கிறேன்.

அம்மாவின் பயம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1912இல் வந்த சட்டங்கள் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. அன்றிலிருந்து மருந்து, லயம், பிள்ளைக் காம்பரா எல்லாமே செக்ரோல் பேரோடு கட்டப்பட்டவை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கட்டை இன்று அவிழ்ப்போம்.

முதல் விஷயம், அரசாங்க ஆஸ்பத்திரியில் நீங்கள் எங்கே வேலை என்று பார்த்து மருந்து கொடுப்பதில்லை. கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனை, கண்டி, எந்த அரச வைத்தியசாலையானாலும் கிளினிக், வார்டு, ஒப்பரேஷன் எல்லாம் இலவசம். தோட்டத்துத் துண்டு தேவையில்லை. அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சும் இலவசம். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் வேலையில் இருக்கும்போதே அரச கிளினிக்கில் பதிந்து கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேர் வெட்டினாலும் குளிசை நிற்காது.

ஆனால் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். சில நேரம் மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள். வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி நம் நாட்டில் கிடையாது. நமக்கு இருப்பது சட்டம் ஒதுக்கி வைத்த காசுதான். அதை விடக்கூடாது.

சர்வீஸ் காசை முதலில் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு இது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 ரூபா, 20 வருஷ சேவை என்றால் 3,78,000 ரூபா. நீங்களே விலகினாலும் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகப் பணமும் சேர வேண்டும்.

அடுத்தது சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம். ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். கைகாசுக்குப் பறிப்பவருக்கும் இது உண்டு என்பதை மறக்காதீர்கள். ஈ.டி.எஃப் என்ற நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் போடுகிறது. வேலை விட்டால் வயதைப் பார்க்காமல் அதை எடுக்கலாம். இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, கண் வில்லை போன்றவற்றுக்கும் அந்த நிதியம் உதவுகிறது. ஆனால் அந்த உதவி, பேரில் காசு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிற அங்கத்தவருக்குத்தான். டாக்டர் கண்ணுக்கு ஒப்பரேஷன் சொல்லியிருந்தால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

சட்டத்தில் இருப்பதால் மட்டும் காசு கைக்கு வராது. நம் கண்டி, மாத்தளைப் பக்கத்திலேயே ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ கம்பனி ஆகியவற்றின் தோட்டங்களில் இந்தக் கொடுப்பனவுகள் வருஷக்கணக்கில் நிலுவையாக நின்றது பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. அதனால் கணக்குத் துண்டு வரும்போதெல்லாம் பாருங்கள். காசு போகவில்லை என்றால் அன்றே தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு. வேலை போன பிறகு ஓடுவது கஷ்டம்.

இன்னொரு ஆபத்து, கையெழுத்து. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில், ஒரு வருஷத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஆள் குறைப்பு என்று சொல்லி நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதற்காகத்தான் "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிய கடிதத்தை நீட்டுகிறார்கள். வாசிக்கத் தெரியாத பாஷையில் இருந்தால், "தலைவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் ஐயா" என்று கடிதத்தைக் கையில் வாங்குங்கள். ஒழுக்கக் குற்றம் என்று நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். லயத்தைக் காலி செய் என்று மிரட்டினால் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம். கோர்ட்டுக் கட்டளை இல்லாமல் வெளியேற்ற முடியாது. கர்ப்பமாக இருக்கிறாள் என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை நிறுத்துவதையும் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக, லயத்துக்கு வந்து விற்கிற காப்புறுதி. கம்பனி எடுத்துத் தந்தது வேலையோடு முடியும். நீங்களே காசு கட்டி எடுத்தது வேலை போனாலும் உங்களுடையது, கட்டும் வரை. கட்ட முடியாத மாதம் சும்மா இருந்துவிடாதீர்கள். எத்தனை நாள் தவணை உண்டு, தொகையைக் குறைக்கலாமா, கட்டியது வரைக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதிதாக எடுத்த ஆயுள் காப்புறுதி பிடிக்கவில்லை என்றால், பத்திரம் கைக்கு வந்து 21 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கம்பனி நியாயம் செய்யாவிட்டால் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

தலைவிமாரே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் ஒவ்வொரு வீடாகக் கேளுங்கள். அடையாள அட்டை, சம்பளத் துண்டுகள், ஈ.பி.எஃப் துண்டு, கிளினிக் கொப்பி, காப்புறுதிப் பத்திரம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். செக்ரோலில் மாரியாய், அடையாள அட்டையில் மாரியம்மா என்று பேர் மாறியிருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். அந்தப் பேர் வித்தியாசத்தால் காசு வராமல் அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "பேர் வெட்டினதிலிருந்து மருந்தை நிறுத்தின யாராவது இந்த லயத்தில் இருக்கிறார்களா?" இருந்தால், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு கம்பளைக்குப் போங்கள். என் அம்மாவை அப்படிக் கூட்டிப் போக ஆள் இருக்கவில்லை.