ஏர் படாத வயலில் உளுந்து

உழவைக் குறைத்து, இயற்கை உரத்தை மட்டும் நம்பித் தானியமும் பயறும் விளைவிப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் வேளாண் விரிவாக்கப் பணியில் காவிரிப் படுகையில்தான் வெகு காலம் இருந்தேன். அதனால் என் மனசுக்கு மிக நெருக்கமான ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்: நெல் தரிசு உளுந்து.

நன்னிலம், குடவாசல் பக்கத்து நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பாவோ தாளடியோ கதிர் முற்றி நிற்கும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, அந்த நெல்லுக்குள்ளேயே இறங்கி உளுந்து விதையைக் கைவிதைப்பாகத் தெளிப்பார்கள். ஏர் இல்லை, டிராக்டர் இல்லை, பாசனமும் இல்லை. நெல்லை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோகும்போது தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு உளுந்து நிற்கும். வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் தை, மாசிப் பனியுமே அதை வளர்த்துவிடும். ஆடுதுறை 3 ரகமாக இருந்தால் எழுபது நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும்.

இதில் எல்லாமே பதத்தில் இருக்கிறது. மெழுகுப் பதம் என்பார்கள். ஒரு பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த சோதனை இது: வயலில் கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. தண்ணீர் ஊறினால் விதை அழுகும். தடமே பதியாவிட்டால் விதை மேலே கிடந்து காயும், இல்லை புறா தின்னும். எந்தக் கருவியும் இல்லாமல் காலாலேயே ஈரத்தை அளந்த அந்த மனிதரை நான் பலமுறை பயிற்சி வகுப்புகளுக்கு அழைத்துப் பேச வைத்திருக்கிறேன். அவர் பேசினால் என்னைவிட நன்றாகக் கேட்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி வரும். உழுதுவிட்டு விதைத்தால் இன்னும் நன்றாக வராதா? அந்த நேரத்தில் உழுதால் மண்ணைப் புரட்டிப்போட்டு, இருக்கிற ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். உளுந்துக்கு இருக்கும் ஒரே சொத்து அந்த ஈரம். இன்னொன்றும் உண்டு. மண்ணைப் புரட்டும்போதெல்லாம் உள்ளே காற்று புகுந்து, நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. அதில் தழைச்சத்து சட்டென்று கிடைக்கும், பயிரும் பச்சையாகத் தெரியும். ஆனால் அந்த மக்கைத் திரும்ப ஊட்டாவிட்டால் சில வருடங்களில் மண் வெளுத்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஃபிரிக் என்ற ஊரில் ஓர் இயற்கை வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2002-இல் ஒரு நீண்டகாலச் சோதனையைத் தொடங்கியது. கனமான களிமண் நிலம். ஒரு பகுதியில் கலப்பை உழவு, இன்னொரு பகுதியில் மேலாகக் கிளறுவது மட்டும். இரண்டிலும் சாணக் கரைசலையும் மக்கிய எருவையும் ஒப்பிட்டார்கள். உழவைக் குறைத்த இடத்தில் மேல்மண்ணில் மக்கு கூடியது. களையும் கூடியது. தொடக்கத்தில் கோதுமை விளைச்சல் குறைந்தது. குளிர்ந்த, உழாத மண் தழைச்சத்தை மெதுவாகத்தான் விடும். பின்னால் வந்த தீவனப் பயிரும் மக்காச்சோளமும் நன்றாக விளைந்தன. ஆக, உழவைக் குறைப்பவர் உரமிடும் முறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரசாயன விவசாயி களைக்கொல்லி அடித்துவிட்டு உழாமல் விதைக்கலாம். இயற்கை விவசாயிக்கு அந்த வழி இல்லை. அவர் பயிரின் நெருக்கத்தையும் மூடாக்கையும் பயிர்ச் சுழற்சியையுமே நம்ப வேண்டும்.

அதனால்தான் உளுந்தை நான் இவ்வளவு கொண்டாடுகிறேன். அது தன் தழைச்சத்தின் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும் பயிர். விதைத்து முப்பது நாளில் ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுங்கள். பிடுங்க வேண்டாம், வேர் முடிச்சு அறுந்துவிடும். வேரில் இருக்கும் முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கும் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப்போய் இதைக் காட்டியிருக்கிறேன். ரத்தம் மாதிரி இருக்கிறதே என்று கேட்பார்கள். நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது என்று சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! முடிச்சு குறைவான வயலில் அடுத்த முறை அந்தப் பாக்டீரியாவான ரைசோபியத்தில் விதை நேர்த்தி செய்து தெளியுங்கள்.

பூக்கும் நேரத்தில் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிப்பவர்கள் உண்டு. பாசனம் இல்லாத பயிருக்கு இலைவழி ஊட்டம் சரியான வழி. அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். வேர் வயலிலேயே மக்கட்டும்.

வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. இப்போது கட்டுக் கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். மாடு தின்று சாணமாகவாவது அது வயலுக்குத் திரும்ப வேண்டும். விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பங்கையாவது நிறுத்திவையுங்கள்.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு முளைத்த உளுந்து சக்கரத்தில் நசுங்குகிறது என்ற வருத்தம் எல்லா ஊரிலும் கேட்கிறது. நியாயமான வருத்தம். இயந்திரம் இறங்குவதற்குச் சற்று முன்னால், முளை வெளிவராத நிலையில், விதையைக் கொஞ்சம் கூட்டித் தெளிப்பவர்கள் ஓரளவு சமாளிக்கிறார்கள்.

உளுந்து போன பின் கோடையில் வயலைச் சும்மா விடாதீர்கள். கொழிஞ்சி என்ற பசுந்தாள் பயிர் இருக்கிறது. ஆடு மாடு மேயாது, வறட்சி தாங்கும், ஒருமுறை காலூன்றினால் தானே விதை உதிர்த்து வருடா வருடம் முளைக்கும். விதையின் தோல் மட்டும் கெட்டி, மணலோடு தேய்த்துத் தெளிக்க வேண்டும். அடுத்த நடவுக்கு முன் சேற்றில் மடக்கி உழுதால் அதுவே அடியுரம். ஆமாம், அங்கே உழவு வேண்டும்தான். மானாவாரிக் கரிசலில் கோடை உழவையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மழை இறங்க அது உதவும். தேவையில்லாத இடத்தில் ஓட்டும் உழவைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற மற்ற பசுந்தாள் பயிர்களைப் பற்றியெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். வரும் தையில், சம்பா முடிந்ததும் வயலைத் தரிசாகப் போடும் பழக்கம் உள்ள அன்பர்கள், ஒரே ஒரு மா நிலத்திலாவது உழாமல் உளுந்து தெளித்துப் பாருங்கள். கொழிஞ்சி விதையை இப்போதே தேடி வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பதில்லை.