சான்று காட்டும் நேர்மை

(மாணவரிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சேலம், நாமக்கல் மண்ணிற் பிறந்தார் தகடூர்ப் போரை அறிவர். பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானை வென்று, தகடூரையும் எறிந்தான் என்கின்றது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம். கொல்லி இன்றைய நாமக்கல் மாவட்டத்தது. தகடூராகிய தருமபுரியோ 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது.

அப்போரைப் பாடிய தனிநூல் தகடூர் யாத்திரை. அதன் முழுச்சுவடி இன்றில்லை. ஆயினும் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் எஞ்சியுள்ளன. எவ்வாறு எஞ்சின? புறத்திரட்டைத் தொகுத்த பெயரறியாப் புலவர், பாடலை எடுத்தெழுதியதோடு அமையாது, அஃது எந்நூலது என்றும் குறித்து வைத்தார். அச்சிறு குறிப்பே ஒரு நூலின் பெயரையும் உயிரையும் காத்தது. உரையாசிரியர்கள் பெயர் சுட்டாது விட்ட மேற்கோள்கள் பல, எந்நூலின என்று தெரியாமல் இன்றும் கிடக்கின்றன.

ஆதலின், இடஞ்சுட்டும் முறையை மேலைநாட்டார் தந்த புதுவழக்கென்று எண்ணற்க. ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் மாணவர், முதலில் அதன் முடிபைக் காண்க. அடுத்து அதற்குக் காட்டிய சான்றுகளை எண்ணுக. பின் அடிக்குறிப்பிற் கண்ட நூலை எடுத்து, அப்பக்கத்தில் அச்செய்தி உள்ளதா என நேரில் நோக்குக. மூலநூலைக் காணாது பிறர்வழி எடுத்தால், அவர் பெயரையும் மறையாது எழுதுக. ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம் ஆகிய நான்கையும் படிக்கும்போதே குறித்துக்கொள்க.

இங்கு நெஞ்சில் கைவைத்து எண்ண வேண்டியது ஒன்றுண்டு. புறத்திரட்டைப் பதிப்பித்தவர் வையாபுரியார். 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கியவரும் அவரே. அவ்வகராதியின் சீர்கேடுகளைக் காட்டித் தனிநூல் எழுதியவர், 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணர். பாவாணர் வழிநிற்பார்க்கு வையாபுரியாரின் கால ஆய்வு உடன்பாடன்று. அதன்பொருட்டு, தகடூர்ப் பாடலை அவர் பதிப்பினின்று எடுத்துக்கொண்டு, அவர் பெயரை மட்டும் விட்டுவிடலாமா? ஆகாது! மறுக்குமிடத்துப் பெயர் சொல்லி மறுப்பதும், கொள்ளுமிடத்துப் பெயர் சொல்லிக் கொள்வதும் ஒரே நேர்மையே.

தமிழ் தொன்மையானது என மேடையில் முழங்குதல் எளிது. ஆயின், இட்டுக்கட்டிய மேற்கோள் ஒன்று வெளிப்படின், மெய்யான நூறு சான்றுகளும் ஐயத்துக்குள்ளாகும். சான்றில்லாப் பெருமை மாற்றார் கையிற் கொடுத்த வாளாகும்.

பெயர் வேண்டாது நூற்பெயர் காத்த அப்புலவர் வழியில் நின்று எழுதுக, சான்றோடு எழுதுக!

வெல்க தமிழ்!