முகம் திருப்பிப் பார்க்கும் குழந்தை

வகுப்பில் ஒரு சிறுமி. ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். அவளோ முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறாள். "நேராக உட்கார்" என்று எத்தனை முறை சொன்னாலும் சற்று நேரத்தில் பழையபடியே. வீட்டிலும் இதே ஏச்சு. பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் அவள் கண் அசைவை ஒருமுறை கவனியுங்கள்.

மடியில் உட்காரவைத்துத் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் எதிரே நின்று ஒரு பொம்மையை மெதுவாக நகர்த்தட்டும். பொம்மை அவளுக்கு இடப்பக்கம் போகும்போது வலக்கண் தொடர்ந்து போகிறது. இடக்கண்ணோ நடுவிலேயே நின்றுவிடுகிறது. வலப்பக்கம் போகும்போது இடக்கண் சற்று உள்ளே இழுத்துக்கொள்ள, இமை இடுங்குகிறது. அப்படியானால் அது டுவேன் குறைபாடாக இருக்கலாம். அலெக்ஸாண்டர் டுவேன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1905ஆம் ஆண்டில் இதை விரிவாக எழுதினார். இடக்கண்ணில்தான் அதிகம் காணப்படுகிறது. பெண் குழந்தைகளிடம் சற்றுக் கூடுதல்.

கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசைக்குக் கட்டளை கொண்டுவருவது ஆறாவது மூளை நரம்பு. கரு உருவாகும் தொடக்க வாரங்களிலேயே அது சரியாக வளராமல் போகிறது. மூன்றாவது நரம்பின் கிளையொன்று வழிமாறி அந்தத் தசையில் வந்து சேர்கிறது. ஆகவே மூக்குப் பக்கம் பார்க்கும்போது எதிரெதிரான இரண்டு தசைகளும் கயிறிழுக்கும் போட்டிபோல ஒரே நேரத்தில் இழுக்கின்றன. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று மருமகளைக் குறைசொல்ல இதில் இடமே இல்லை.

முகத்தைத் திருப்புவது குழந்தை தானே கண்டுகொண்ட வைத்தியம். அந்த நிலையில்தான் இரு கண்களும் சேர்ந்து ஒரே உருவத்தைப் பார்க்கின்றன. தலையைப் பிடித்து நேராக்கினால் அந்தச் சேர்க்கை கெடுகிறது.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் காலம் கடத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு ஒரு கண் சோம்பல் கண்ணாகிப் பார்வை குன்றிவிடும். ஏழெட்டு வயதுக்குள் மூக்குக்கண்ணாடி கொடுத்து, தேவையானால் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்து, பெரும்பாலும் அதை மீட்டுவிடலாம், பிறகு கடினம். ஜொகூர் நேயர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் பெற்று, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதிலும் குறை இருப்பதுண்டு.

அறுவை சிகிச்சை எல்லாருக்கும் வேண்டியதில்லை. கழுத்து மிகவும் திரும்பியிருந்தாலோ, நேரே பார்க்கும்போதே கண் கோணியிருந்தாலோதான் தசையை இடம்மாற்றி வைப்பார்கள். முகம் நேராகும், இல்லாத நரம்பு முளைத்துவிடாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இராது.

குழந்தையின் பழைய புகைப்படங்களையும் எடுத்துப் போங்கள். தவழும் வயதிலேயே முகம் திரும்பியிருந்தால் பிறவிக் குறை என்பதற்கு அது சான்று. நேற்றுவரை நன்றாக இருந்த கண் திடீரென்று கோணி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இடக்கண்ணில் இக்குறை உள்ள பிள்ளையை வகுப்பின் இடப்பக்க ஓரத்தில் உட்காரவையுங்கள். பலகை அவளுக்கு வலப்பக்கமாக அமையும். கழுத்தைத் திருப்பாமலே படித்துவிடுவாள்.