நீர்வண்ணத்தில் ஓர் அரண்மனை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இஞ்சினீயர்கள் கூடிய இடத்தில் ரஷ்ய ஆபரா எதற்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கதையைத் தொடங்கி வைத்தவரே ஒரு ரயில்வே முதலாளிதான். பெயர் சாவா மாமந்தவ். ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த பணத்தில் 1885-ல் மாஸ்கோவில் சொந்தமாக ஓர் ஆபராக் குழு ஆரம்பித்தார்.

அந்த நாளில் அரசாங்க அரங்குகளில் சீன் எழுதச் சம்பள ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாடகத்துக்கு எழுதிய அரண்மனைப் படுதாவை இன்னொன்றுக்கும் தொங்கவிடுவது சகஜம். மாமந்தவோ ஓவியர்களையே அழைத்தார். ரிம்ஸ்கி-கோர்ஸகவின் 'பனிப்பெண்' ஆபராவுக்கு விக்தர் வாஸ்நெத்ஸவ் நீர்வண்ணத்தில் காட்சிகள் வரைந்தார். அவற்றில் பெரெந்தேய் அரசரின் மாளிகையைப் பார்க்க வேண்டும்! பருத்த தூண்கள், உடம்பெல்லாம் பூவேலை. கிராமத்து மரச் செதுக்கும் பூத்தையலும் அப்படியே அரண்மனை ஏறிவிட்டன.

இனிமேல்தான் நம்ம விஷயம். கையகலத் தாளை மேடையகலப் படுதாவாக்குவது எப்படி? தாளில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகச் சீலையில் போட வேண்டும். ஒன்றுக்கு இருபது ஸ்கேல் என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் பிசகு, சீலையில் இரண்டு சென்டிமீட்டர். சீலையைத் தரையில் விரித்து, அதன்மேலேயே நடந்துகொண்டு, நீளக் காம்பு தூரிகையால் எழுதுவார்கள். பார்த்தால் வாசல் பெருக்குகிற மாதிரி இருக்கும். பசைச் சாயம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வெளுத்து வேறு நிறம். நீர்வண்ணத்துக்கோ வெளிச்சமே அடியிலுள்ள வெள்ளைத் தாளிலிருந்து வருவது. பசைச் சாயம் அடியை மூடிவிடுமே! ஆகவே ஸ்கேலும் கட்டமும் தெரிந்தால் மட்டும் போதாது. வாஸ்நெத்ஸவின் தாளைப் படுதாவாக்கியவர்களில் லெவிதானும் கரோவினும் உண்டு. அப்போது இருவருக்கும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தம்பிமார்கள் கவனிக்க! பின்னாளில் இருவருமே பெரிய ஓவியர்கள்.

மாமந்தவ் 1899-ல் ரயில்வே கணக்கு வழக்கில் கைதானார். மறு வருஷம் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் சொத்து போனது போனதுதான்.

நம் தொழிலில் கட்டடம் நிற்கும், டிராயிங் கிழிந்துபோகும். அங்கே தலைகீழ். சுருட்டிப் பிரித்து, விளக்குச் சூட்டில் தொங்கி, படுதாவுக்குத்தான் ஆயுசு குறைவு. தாள் இன்றும் மாஸ்கோவின் த்ரெத்யகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். நீர்வண்ணம் வெளிச்சம் தாங்காது என்பதால் இப்படிப்பட்ட தாள்களை எப்போதும் வெளியே மாட்டி வைப்பதில்லை.