ஆளை மாற்றாதே, இயந்திரத்தை மாற்று!

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



டிராக்டர் ஓட்டும் தோழர் ஒருவர் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இரண்டு கால்களும் செயலற்றுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கிறோம். நஷ்டஈட்டுக்கு மனு எழுதுகிறோம். அத்தோடு அவருடைய உழைப்புக் காலம் முடிந்தது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். தோட்டத்திலே வேலை போனால் லயத்து வீடும் கூடவே போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணத்தோடு வேலையையும் அவருக்கு மீட்டுக் கொடுக்க முடியுமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முடியும் என்று அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள். அங்கே இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில், முதுகுத்தண்டு அடிபட்ட ஒரு விவசாயி உதவி கேட்டதை ஒட்டி, 1979-இல் இந்த வேலை ஆரம்பமாயிற்று. 1990-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. 1991-இல் 'அக்ரபிலிட்டி' என்னும் அரசாங்கத் திட்டமாக அது வளர்ந்தது.

அவர்கள் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. டிராக்டரில் காலுக்கு என்ன வேலை? கிளட்ச் ஒன்று, இடது வலது சக்கரங்களுக்கென்று பிரேக் இரண்டு. வேகத்துக்கோ பெரும்பாலான டிராக்டர்களில் கைநெம்பு ஏற்கெனவே இருக்கிறது! இரண்டு பிரேக்குகளையும் ஒன்றாகப் பூட்டி, இரும்புத் தண்டு பொருத்திக் கைக்குக் கொண்டுவந்தார்கள். கிளட்சுக்கும் அப்படியே. கிளட்ச் மிதிக்காமலே ஓடும் ஹைட்ராலிக் வகை டிராக்டரானால் வேலை இன்னும் சுலபம். ஒரு கை இல்லாதவருக்கு ஸ்டியரிங் சக்கரத்தில் ஒரு குமிழ் வைத்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குக் கண்ணாடிகள் வைத்தார்கள்.

ஓட்டுவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். காலில் பலம் குறைந்தவருக்குத் தாழ்வான படியும் கைப்பிடியும் போதும். கால் அறவே வராதவருக்கு, டிராக்டரின் பேட்டரியில் இயங்கி ஆசனத்தோடு அவரைத் தூக்கிவிடும் ஏற்றி வேண்டும்.

ஆனால் தோழர்களே, அவசரப்பட்டுப் பட்டறையில் கண்டபடி ஒட்டவைப்பது ஆபத்து. வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டத்தில் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அதன் பலம் போய்விடும். அந்தச் சட்டமும் இடுப்பு வாரும் இல்லாமல், குதித்துத் தப்ப முடியாதவரை ஏற்றவே கூடாது. உணர்ச்சியற்ற உடலில் ஆசனம் அழுத்திப் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. நல்ல மெத்தையும் இடையிடையே ஓய்வும் வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு வியர்வை சரிவர வராது. நம் நாட்டு வெயிலில் நிழற்கூரை அவசியம். நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிடக் கையில் தொலைபேசி இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் நஷ்டஈட்டைக் கொடுத்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் சொக்சோ வந்தது. 2007-இல் அதே சொக்சோ, அடிபட்டவரை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அந்தக் காகிதம் உங்கள் மேசையில் தேங்கக் கூடாது. பின்னர் நிர்வாகத்துக்கு எழுதும்போது, அந்தத் தோழர் இழந்ததை மட்டும் எழுதாதீர்கள். அவரால் இன்னும் செய்ய முடிந்ததையும் எழுதுங்கள்.

கிளைத் தலைவர்களே! அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். லயத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் முதலில் நாம் போய், "அண்ணே, மறுபடியும் வண்டி ஓட்ட விருப்பமா?" என்று கேட்போம். அவர் பதிலைக் கேட்டுவிட்டு நிர்வாகத்திடம் போவோம்.